"அதோ" என்று காட்டிய கைகளுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அம்மாக்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

சென்ற ஆடியில் மதுரையிலிருந்து கேமராவோடு கிளம்பினேன். இந்த ஆடியோடு ஓராண்டு ஆகிவிட்டது. ஆனைமலை, வால்பாறை, கொள்ளுக்குடிப்பட்டி, கோடியக்கரை என்று சுற்றி எடுத்தவற்றில் நாற்பது படங்களை மட்டும் அச்சுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட நானே தேடிக் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் உங்களில் ஒருவர்தான் கை நீட்டி "அதோ" என்றீர்கள்.

ஆனைமலையில் எனக்குத் துணையாக வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணனுக்கு முதல் நன்றி. பங்குனி மாதம் இருவாச்சிக் கூடு ஒன்றைக் காட்டினீர்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்து, அலகு நீட்ட ஒரு பிளவை மட்டும் விட்டிருந்தது. அது வெளியே வரும்வரை இரைக்கு ஆண் பறவையைத்தான் நம்பியிருக்கும். ஏழு மணி வாக்கில், பழைய ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல் சிறகோசை கேட்டது. ஆண் வந்து எதிர்மரத்தில் உட்கார்ந்தது. தொண்டை நிறையப் பழம் புடைத்திருந்தது. ஆனாலும் பொந்துக்குப் போகவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்து எங்களையே பார்த்தது. நான் அது பறக்கும் நொடிக்காக விரலை வைத்துக் காத்திருந்தேன். நீங்கள் என் தோளைத் தொட்டு, "நம்மைப் பார்த்துத்தான் தயங்குகிறது. உள்ளே இருப்பவள் பசியோடு இருப்பாள். வாருங்கள் சார், போய்விடுவோம்" என்றீர்கள்.

மேட்டு வளைவுக்குப் போய்த் தொலைநோக்கியில் பார்த்தோம். அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்து, பிளவுக்குள் ஊட்டியது. பதினேழு வரை எண்ணினேன். என் லென்ஸுக்கு அது எட்டவில்லை. அந்தப் படம் என்னிடம் இல்லை. அன்று முதல், ஒரு பறவை இரையை வாயில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தால் நான் பின்வாங்கிவிடுகிறேன். இதை எனக்குக் கற்றுத்தந்தது நீங்கள்தான் அண்ணா.

வால்பாறையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அம்மா, யானை பக்கத்தில் நிற்பதைச் சொல்லும் சிவப்பு விளக்கு அன்று மாலை மினுங்கியபோது, விடுதிக்கு நடந்து போகக் கிளம்பிய என்னைத் தடுத்து, சோறு போட்டு, உங்கள் வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்தீர்கள். மறுநாள் விடிந்ததும் நான் நடக்கவிருந்த பாதையில் சூடு ஆறாத சாணத்தைப் பார்த்தேன். புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லி வெயிலிலும் மழையிலும் நிற்கும் தம்பிகளே, உங்களுக்கும் என் வணக்கம்.

தீபாவளியன்று கொள்ளுக்குடிப்பட்டியில் இருந்தேன். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்று பல்லாண்டுகளாகப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. புதுச்சட்டை போட்ட ஒரு சிறுவன் என் கையில் அதிரசத்தை வைத்துவிட்டு, கண்மாய்க் கருவேல மரத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த நத்தைகுத்தி நாரையைக் காட்டினான். மூடிய அலகின் நடுவே தெரியும் இடைவெளியை அவன் சொல்லித்தான் கவனித்தேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நன்றி.

மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்தபோது இரண்டு இரவுகள் கண்விழித்துத் துடைத்துத் தந்த பழுதுபார்க்கும் அண்ணனுக்கும், நான் இல்லாத நாட்களில் வீட்டையும் அப்பாவின் மருந்து வேளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் என்ன சொல்வேன். இந்த ஓராண்டில் பாதி உங்களுடையது.

உங்கள் எல்லோருக்கும் படங்கள் தபாலில் வந்து சேரும். கோடியக்கரைப் பக்கம் பூநாரைகளுக்காக நான் காத்திருந்தபோது, தன் தூக்குவாளியிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்த உப்பளத்து அக்காவின் முகவரி மட்டும் என்னிடம் இல்லை. அக்கா, தை மாதம் அதே பாத்திக்கரைக்கு உங்கள் படத்தை நானே எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் தம்பி