தேர்த் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியோருக்கும் வணக்கம்.

வெள்ளோட்டம் நல்லபடியாக முடிந்து புதுத் தேர் நிலைக்கு வந்துவிட்டது. ஒரு வருடம் என்று சொல்லி வசூல் செய்துவிட்டு மூன்று வருடம் இழுத்தீர்களே என்று பலரும் கேட்டீர்கள். கேள்வி நியாயம்தான். இழுத்தது மரம்.

முதலில் இறக்குமதித் தேக்குக்கு ஒரு கிடங்கில் விலை பேசி, முன்பணம் கொடுக்கும் வரை போய்விட்டோம். ஸ்தபதிதான் தடுத்தார். "தேருக்கு இலுப்பைதான் பேர் போனது. வெயில் மழை தாங்கும். உங்க தாலுகாவுல நிக்கிறப்ப எதுக்குக் கப்பல்ல வர்ற மரம்?" என்றார். சரி என்று வரப்பு வரப்பாக அலைந்து, காய்ப்பு ஓய்ந்த 9 மரங்களைப் பேசி முடித்தோம். வெட்ட அனுமதி, ஏற்றிவர வனத்துறைச் சீட்டு என்று நடந்ததில் செருப்புத் தேய்ந்தது. 2 மரங்கள் அறுத்துப் பார்த்தால் உள்ளே பொந்து. அந்தப் பணம் நட்டம்தான். கணக்கில் அப்படியே எழுதியிருக்கிறோம்.

அப்புறம் காயவைப்பது. பச்சை மரத்தில் உளி வைத்தால் பின்னால் வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். பலகைகளுக்கு இடையே கட்டை வைத்து நிழலில் அடுக்கி ஒன்றரை வருடம் காற்றாட விட்டோம். நாங்கள் அதிகம் திட்டு வாங்கியது அந்த நாட்களில்தான். இன்று பலகைகளில் ஒரு வெடிப்பு இல்லை.

சிற்பங்கள் செய்தவர்கள் அரும்பாவூர்க் கலைஞர்கள். பச்சைமலை அடிவாரத்து அந்த ஊரின் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சும் சக்கரமும் மட்டும் இரும்பு. திருவாரூர் ஆழித்தேரே திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்பு அச்சில் ஓடும்போது நாம் அடம்பிடிக்கத் தேவையில்லை.

செலவில் பெரிய மிச்சம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் மரப்பணம் நம் பக்கத்து 6 விவசாயிகளுக்கும், அறுப்புக் கூலி அடுத்த ஊர் மில்லுக்கும் போனது. துண்டு துணுக்குகள் மடைப்பள்ளி மணைப்பலகை ஆகின; மிச்சம் அடுப்புக்கு. ஒருகாலத்தில் கோயில் விளக்கு எரிந்ததே இலுப்பை எண்ணெயில்தான். வளர நாளாகும் என்று இப்போது யாரும் நடுவதில்லை. நட்டால்தான் அடுத்த தேருக்கு மரம்.

ஏரிக்கரையில் 90 கன்றுகள் நட்டதில் 61 உயிரோடு இருக்கின்றன. மற்றவற்றை ஆடு தின்றுவிட்டது. மேய்ச்சல்காரர்கள் கொஞ்சம் தயவு பண்ண வேண்டும். தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கின்றன.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு