கிஃபோர்டு பைத்தியம்

டேய் முரளி,

ரொம்ப நாளா பதில் இல்லைன்னு ஆரம்பிச்சுடாதே. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவோட கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல நிம்மதி. பட்டாபி பணத்தைத் தந்தானா? தரமாட்டான், விடு.

விஷயம் இதுதான். அருண் ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கிற அமெரிக்க ஆட்டம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கலாமேன்னு பழைய ஆட்டங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். இப்ப அவனைவிட எனக்குத்தான் பைத்தியம் முத்திப்போச்சு. எல்லாம் ஃபிராங்க் கிஃபோர்டால!

1952ல நியூயார்க் ஜெயன்ட்ஸ் டீம்ல சேர்ந்தவரு. இப்பெல்லாம் தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம். இவரு ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் ஆடினாரு. தடுக்கிறது, பந்தோட ஓடறது, ஓரத்துல நின்னு பிடிக்கிறதுன்னு மூணு இடத்துக்கும் புரோ பவுலுங்கிற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானாரு. போதாக்குறைக்கு எறியவும் செய்வாரு. ஓடப்போறாருன்னு எதிராளிங்க மொத்தமா பாய்வாங்க, இவரு ஓடற ஓட்டத்துலயே பந்தை எறிஞ்சிடுவாரு. அப்படியே 14 டச்டவுன், அதாவது எதிராளி எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கிற ஸ்கோர்! 1956ல ஓடி 819 யார்டு, பிடிச்சு 603. லீக்லயே சிறந்த ஆட்டக்காரர்னு விருது. ஃபைனல்ல சிகாகோ பேர்ஸுக்கு 47-7ன்னு அடி. பௌலிங், கீப்பிங் ரெண்டும் நானேன்னு அடம்பிடிச்ச நம்ம சங்கர்தான் ஞாபகத்துக்கு வந்தான். இவருக்கு நிஜமாவே வந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் 1960 நவம்பர் 20, யாங்கி ஸ்டேடியம். பந்தைப் பிடிச்சு ஓடறாரு. பிலடெல்பியா ஈகிள்ஸோட சக் பெட்னரிக் எதிர்ல வந்து ஒரு மோது. 35 வயசுல ரெண்டு பக்கமும் ஆடிக்கிட்டிருந்த ராட்சசன் அவரு. கிஃபோர்டு மல்லாந்து கிடக்காரு, அசைவில்லை. பெட்னரிக் அவரு பக்கத்துல நின்னு முஷ்டியை ஆட்டறாரு. அந்த போட்டோ இன்னிக்கும் பிரசித்தம். முறையான மோதல்தான்னு கிஃபோர்டே சொன்னாரு, அந்தப் பெருந்தன்மையைப் பாரு. 1961 பூரா ஆடலை. 1962ல ஓரத்துல நின்னு பந்து பிடிக்கிறவரா திரும்பி வந்து 1964 வரைக்கும் ஆடினாரு.

இதுக்கப்புறம்தான் வயித்தைக் கலக்குது. 2015ல, 84 வயசுல இறந்தாரு. மூளையைப் பரிசோதிச்சப்போ சி.டி.இ. இருந்ததுன்னு குடும்பமே அறிவிச்சாங்க. தலையில திரும்பத் திரும்ப அடிபட்டவங்களுக்கு வர்ற நோய்டா அது. மயங்கி விழற அடிகூட வேணாமாம், சின்னச் சின்ன இடி வருஷக்கணக்கா சேர்ந்தாலே போதுமாம். அருண்கிட்ட சொன்னேன். "அப்பா, இப்ப ஹெல்மெட்டே வேற"ங்கிறான். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாத்தும், உள்ள குலுங்கற மூளையை என்ன பண்ணும்? அதுக்கு அவன்கிட்ட பதில் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான்.

மாலதிகிட்ட கேட்டுச் சொல்லேன். நரம்பு டாக்டரைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா? ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டா ஆபத்து குறையுமா, இல்ல மோதலே இல்லாத ஃபிளாக் ஃபுட்பால்ல விடலாமா? ஃபாரத்தை வெள்ளிக்கிழமை கொடுக்கணும். "பார்த்துக்கலாம் மச்சி"ன்னு நீ எழுதாதே, அவங்களையே எழுதச் சொல்லு.

உன்,
ரகு