வீடு மாறுகிறவர்களுக்கு நாற்பது கூடை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை வீடு மாறுகிறவர்களுக்கான குறிப்புகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். முதல் குறிப்பே, புதிய காட்போட் பெட்டிகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள் என்று. வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. அந்தப் புத்திமதியைக் காசு கொடுத்துப் பரீட்சித்துப் பார்த்தவள் நான்.

நான் ஆசிரியை. 18 வருடத்தில் 5 வீடு. கடைசியாக இந்தத் தை மாதம் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து அக்கரைப்பற்றுக்கு வந்தோம். எங்கள் பக்கத்தில் இடமாற்றம் பெரும்பாலும் வருடம் பிறக்கும்போதுதான் வரும், அதாவது மாரி மழை கொட்டுகிற நேரம் பார்த்துத்தான் நாங்கள் சாமான் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். இந்தமுறையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று டவுனில் ஒரு கடையில் 20 புதுப் பெட்டி வாங்கினேன். அந்தக் காசில் லொறிக் கூலியில் பாதி போயிருக்கும். களுவாஞ்சிக்குடி தாண்டியதும் மழை பிடித்தது. தறப்பாள் போட்டுத்தான் இருந்தது, ஆனாலும் லொறித் தட்டில் தண்ணீர் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அக்கரைப்பற்றில் இறக்கும்போது பெட்டியின் நான்கு பக்கமும் என் கையோடு வந்தன, அடிப்பக்கம் லொறியிலேயே நின்றுவிட்டது. அம்மா போட்டுத் தந்த தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் உடைந்து, இவருடைய புத்தகங்களில் பாதி ஊறுகாயாகிவிட்டது. "டீச்சர், அது கடதாசிதானே, மழையில நிக்குமா?" என்றார் லொறிக்காரத் தம்பி. அவர் கேட்டதை அந்தக் குறிப்பு எழுதியவரும் ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கலாம்.

காட்போட்டின் பலமெல்லாம் இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக மடித்து ஒட்டியிருக்கிறதே, அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஒட்டுவது பெரும்பாலும் மாப்பசை. மழை நேரே படவும் தேவையில்லை, மாரிக்காலக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தே அது தொய்ந்துவிடும், பிறகு மேலே ஒன்றை அடுக்கினால் கீழே இருப்பது குந்திவிடும். ஒருதரம் பாவித்துவிட்டு மழையில் நனையவிட்ட பெட்டியைப் பழைய பேப்பர் எடுக்க வருபவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் அம்மா வீட்டில் ஒரு மரத் தேயிலைப் பெட்டி இருக்கிறது. ஓரமெல்லாம் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. ஒரு காலத்தில் மலைநாட்டுத் தேயிலை அதில்தான் கப்பலேறியது, பழசாய்ப்போனவை ஊர் ஊராக வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அதற்குப் பக்கத்தில் அப்பாவின் றங்குப்பெட்டி. 1978 சூறாவளியில் கூரை போன வீட்டில் அந்த றங்குப்பெட்டிக்குள் இருந்த காணி உறுதிக் கடதாசிகள் மட்டும் நனையவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். எங்கள் சனத்துக்கு வீடு விட்டுப் போவது புதிதில்லை, யுத்த காலத்தில் சேலையை விரித்து நாலு முனையையும் முடிந்து எழும்பி ஓடியவர்கள்தானே. அந்த நாள் திரும்பி வரவேண்டாம். ஆனால் அந்தச் சேலை முடிச்சு ஒரு நல்ல முறை, உடுப்புக் கட்ட இன்றைக்கும் அதைவிட லேசானது ஒன்றுமில்லை. கட்டியதும் உடுப்பு, அவிழ்த்ததும் உடுப்பு, எறிய ஒன்றும் மிஞ்சாது.

சரி, முந்திய தடவைகளில் எனக்குச் சரிவந்ததைச் சொல்கிறேன். மா, சீனி வந்த 50 கிலோ பேக்குகள் பேக்கரிகளிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் கேட்டால் கிடைக்கும். உதறித் துவைத்துக் காயவைத்தால் உடுப்பு, தலையணை, செருப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். உர பேக் மட்டும் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் தையலில் யூரியா நிற்கும், அது ஈரத்தை இழுக்கும். வெயிலில் கிடந்து வெளுத்த பேக்கும் வேண்டாம், தொட்டால் உதிர்ந்து உடுப்பெல்லாம் பிளாஸ்டிக் தும்பாகும். குசினிச் சாமானுக்குப் பெட்டியே தேவையில்லை. கிடாரம், குடம், வாளி, அரிசி போட்டு வைக்கும் பரல் எல்லாம் பெட்டிதான். வெறும் பாத்திரத்தை லொறியில் ஏற்றுவது காற்றுக்குக் கூலி கொடுப்பது. பிங்கான்களைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே மருதமுனைச் சாரத்தையோ துவாயையோ செருகினால் ஒன்றும் உடையாது. கிளாஸ், கோப்பைகளுக்குச் சோடாப் போத்தல் வரும் 24 கட்டப் பிளாஸ்டிக் பெட்டியைப் போல ஒன்று உலகத்தில் இல்லை, கடைக்காரரிடம் இரண்டு நாள் கடன் கேளுங்கள். சம்மாந்துறைப் பக்கம் இருப்பவர்கள் அரிசி ஆலையில் ஒரு பேக் உமி எடுத்து அதற்குள் கண்ணாடிச் சாமானைப் புதைத்தும் கொண்டுபோகலாம், ஆனால் முதலில் கடதாசியில் சுற்றுங்கள். நான் சுற்றாமல் வைத்து, ஆறு மாதம் கழித்தும் மின்விசிறி போட்டால் எங்கிருந்தோ உமி பறந்தது.

புத்தகம்தான் கஷ்டம். அதற்குப் பழைய காட்போட் பெட்டி பரவாயில்லை, புதுசு வேண்டாம். சவர்க்காரப் பெட்டி சிறிது, கெட்டி, ஓர் ஆள் தூக்கும் பாரத்துக்கு மேல் அதில் அடங்காது. ஆப்பிள் வரும் பெட்டியும் நல்லது. பிஸ்கட் பெட்டியை எடுப்பதென்றால் மடிப்புகளை விரித்துப் பார்த்து எடுங்கள், கரப்பான் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். பெட்டிக்காசு மிச்சம் என்று நினைத்துக் கரப்பானையும் குடிவைத்துக்கொள்ளக் கூடாது. எதுவானாலும் லொறித் தட்டில் முதலில் பழைய பலகையோ கதிரையோ போட்டு, அதற்கு மேல் ஏற்றுங்கள். நான் இந்தமுறை அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

பெட்டியைவிட எனக்கு மனத்தை உறுத்துவது அதோடு வருகிற சாமான்கள்தான். அகல டேப், குமிழ் குமிழாக இருக்கும் பொலித்தீன், அலுமாரியைச் சுற்றும் மெல்லிய பொலித்தீன் சுருள். வந்து இறங்கிய இரவே இவை ஒரு குவியலாக முற்றத்தில் கிடந்தன. இதெல்லாம் எங்கே போகிறது என்று எங்கள் அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று எட்டு வருடத்தில் இருபது யானைகள் வரை செத்ததாக 2022 ஜனவரியில் உலகமெல்லாம் செய்தி வந்ததே, அது எனது இப்போதைய வீட்டிலிருந்து தூரமில்லை. சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017 இல் தடை போட்டார்கள். அலுமாரிக்கு ஏன் பார்சல் கட்ட வேண்டும்? பழைய பெட்ஷீட்டைச் சுற்றித் தும்புக் கயிற்றால் கட்டினால் கீறல் விழாது, கயிற்றை அவிழ்த்து அடுத்த நாள் கொடி கட்டலாம்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். எங்கள் ஊர்களில், செத்த வீட்டுக்கு உதவ ஊரார் சேர்ந்து நடத்தும் மரணாதாரச் சங்கம் இல்லாத இடம் குறைவு. சங்கத்து அறையில் கதிரை, தகரப் பந்தல், கிடாரம், அகப்பை எல்லாம் இருக்கின்றன. செத்த வீட்டுக்கும் கொடுக்கிறார்கள், கலியாண வீட்டுக்கும் கொடுக்கிறார்கள். அதே அறையில் மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடை ஒரு நாற்பது இருந்தால் என்ன? ஒரு நடுத்தர வீட்டுக்கு அது போதும். மழைக்கு அசையாது, ஒன்றன்மேல் ஒன்று நிற்கும், இரண்டு பக்கமும் கைபிடி. பிளாஸ்டிக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் கூடை கேட்கிறாளே என்று நினைப்பீர்கள். ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்டிக்குடன்தான் எனக்குச் சண்டை, பத்து வருடம் சந்தையில் அடிபட்டும் உடையாத கூடையோடு இல்லை.

தூர ஊருக்குப் போனால் கூடை எப்படித் திரும்பும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. சாமான் ஏற்றிப் போகும் லொறி வெறுமையாகத்தானே ஊர் திரும்புகிறது. கொஞ்சம் காசு பிணையாக வாங்கி வைத்தால், அடுத்த நாளே கூடையைக் காலியாக்கி ஏற்றிவிடுவார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டிய கூடை என்றால் சாமானை உடனே வெளியில் எடுத்துத்தான் ஆகவேண்டும். எங்கள் இரண்டாவது வீட்டில் கட்டிய ஒரு பெட்டி மூன்று வீடு தாண்டி இன்னும் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. உள்ளே என்ன என்று இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்கள் தெருச் சங்கக் கூட்டத்தில் போன ஞாயிறு இதைச் சொல்லிப் பார்த்தேன். தலைவர் தலையாட்டினார். பொருளாளர் மட்டும், "அது சரி டீச்சர், ஆர் கழுவுற?" என்று கேட்டார். கிடாரத்தை இப்போது யார் கழுவுகிறார்கள் என்று நானும் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர்,
அக்கரைப்பற்று.