மேட்டூர் எவ்வளவு?

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு நான்கு நாள். ரசத்தில் உப்பில்லை என்று திண்ணையிலிருந்தே அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் வேண்டும் என்றதும் ராத்திரி பதினோரு மணிக்குக் கும்பகோணத்திலிருந்து பைக்கில் வந்து நின்ற பையன்கள், எங்கள் நாற்றங்கால் காயாமல் தண்ணீர் பாய்ச்சிய பங்காளிகள், பசுவைப் பார்த்துக்கொண்ட சித்தி, "கல்யாணத்தைத் தையில வெச்சுக்கலாம், முதல்ல மாமாவைப் பாருங்க" என்று தாங்களாகவே சொன்ன தங்கையின் சம்பந்தி வீட்டார், எல்லோருக்கும் கைகூப்புகிறேன். பேர் பேராகச் சொல்லப் புறப்பட்டால் ஒருவர் விட்டுப்போவார், அப்புறம் அது ஒரு வருத்தம்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பேர் எனக்குத் தெரியாது.

அப்பாவின் காலை எப்படி விடியும் என்று ஊருக்கே தெரியும். செய்தியில் மேட்டூர் அணை நீர்மட்டம் வந்ததும் மாதக் காலண்டரின் கட்டத்தில் பென்சிலால் குறித்துவைப்பார். அணை நிரம்பி 120 அடியைத் தொட்டால் வீட்டில் கேசரி. ராத்திரி விவாதத்தில் காவிரி வந்துவிட்டால் டிவியோடு மல்லுக்கட்டு. "நம்ம பங்கு 192 டிஎம்சியை 2018ல சுப்ரீம் கோர்ட்டுல 177.25 ஆக்குனாங்களே, அந்த 14.75 பத்தி ஒருத்தனாவது வாயத் தொறக்குறானா?" நான் சேனலை மாற்றிவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த கூடத்திலும் ஒரு டிவி உண்டு. சத்தம் கிடையாது, கீழே எழுத்து மட்டும் ஓடும். மூன்றாம் நாள் காலையில், உள்ளே தரை துடைக்கும் அக்கா மாப்போடு வெளியே வந்து அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்குப் படிக்க வராது. அதுல மேட்டூரு வந்தா எவ்வளவுன்னு சொல்றியா? உள்ள ஒரு பெரியவரு, கண்ணு முழிச்சதுலேருந்து அதையேதான் கேக்குறாரு."

அதுவரை எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் "இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது" மட்டும்தான். உள்ளே எத்தனை பெரியவர்கள் இருந்தார்களோ தெரியாது. ஆனால் மயக்கம் தெளிந்ததும் மேட்டூரைக் கேட்கிற ஆள் ஒருத்தர்தான். எழுத்து ஓடுவது தெரிந்தது, என்னால் படிக்க முடியவில்லை. மறுபடி சுற்றி வரும்வரை அந்த அக்கா பொறுமையாக நின்றார்.

"101 அக்கா. அவரு எங்க அப்பா."

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். கையில் பினாயில் வாசனை. "அப்ப நாளையிலேருந்து நீயே பாத்து வெச்சிரு."

அப்புறம் தினமும் அதுதான் எங்கள் தபால். நான் எண்ணைச் சொல்வேன். மறந்துவிடாமல் இருக்க அதை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவார். "எங்க வூட்டுலயும் நடவ நம்பித்தான் தம்பி இருக்கோம்" என்றார் ஒருநாள். வார்டுக்கு மாற்றும்வரை இது நடந்தது. வீட்டுக்குக் கிளம்பிய அன்று தேடினேன், அவருக்கு வேறு ஷிப்ட். குறுவை அறுத்ததும் முதல் மூட்டை அவருக்குத்தான். பேரை அப்போது கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் சேனலையும் மாற்ற மாட்டேன்.

எதிர்வீட்டு நாயனக்காரர் அப்பா தூங்கட்டும் என்று சாதகத்தை ஆற்றங்கரைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் நன்றி. ஆனால் ராஜரத்தினம் பிள்ளை தோடியைக் கேட்டே வளர்ந்த அப்பாவுக்கு இந்த அமைதிதான் பயமாக இருக்கிறதாம். தயவுசெய்து திரும்பி வந்துவிடுங்கள் அண்ணே.

நேற்று ராத்திரி அப்பா காலண்டரைக் கேட்டார். மயக்கத்தில் போன இரண்டு நாளை விட்டுவிட்டு மற்ற நாளையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார், நான் எழுதினேன். ஒன்று மட்டும் உதைத்தது. அவருக்குக் காய்ச்சல் ஏறியிருந்த அன்றைக்கு 98 என்றார். நான் சொல்லி அனுப்பியது 96.

"தெரியும்டா. முந்தின நாள் 97, தண்ணியும் தொறந்துகிட்டேதான் இருக்கான், எப்படி ஏறும்? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். சரின்னு வாங்கிக்கிட்டேன். 98ன்னே எழுது."

எழுதினேன்.