ஆறு மட்டன் ரோல்ஸ் கடன்

அன்பின் மச்சான்,

எட்டு மாதமாகப் பதில் போடாததற்குச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏசி முடித்துவிட்டு மேலே வாசி. வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை.

போன ஞாயிறு கட்டையன் வந்தான். வந்த கையோடு கொழும்புக் கோட்டைக்குப் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றான். சதாம் வீதிச் சந்தியில் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கண்டதும் நம் பந்தயம் நினைவுக்கு வந்தது. "இது முந்தி வெளிச்சவீடு" என்று நீ சொல்ல, "நடுரோட்டில் எந்த விசரன் வெளிச்சவீடு கட்டுவான்?" என்று நான் ஆறு மட்டன் ரோல்ஸ் கட்டினேனே, அதுதான். தோற்றுவிட்டேன், போ.

1857 இல் கட்டி முடித்தது மணிக்கூட்டுக்காகத்தான். வரைந்தவர் தேசாதிபதி ஹென்றி வோர்டின் மனைவி எமிலி. மணிக்கூட்டை 1814 இலேயே வாங்கிவிட்டார்களாம். பிறகு செலவுக்குப் பயந்து நாற்பது வருடத்துக்கு மேல் களஞ்சியத்தில் போட்டு வைத்தார்களாம். என் எட்டு மாதம் எம்மாத்திரம்? 1867 இல் உச்சியில் விளக்கும் ஏற்றியிருக்கிறார்கள். சுற்றிவர மாடிகள் எழும்பி வெளிச்சத்தை மறைக்க, 1952 இல் அதை அணைத்துவிட்டுக் கடலோரத்தில் புதிது கட்டினார்கள். நாலு சிங்கம் காவலிருக்குமே, "வெளிச்சவீடென்றால் இது ஒன்றுதான்" என்று நான் சத்தியம் பண்ணிய அந்த வெளிச்சவீடுதான். இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம், 29 மீற்றர்.

அதையும் போய்ப் பார்த்தோம், றோட்டில் நின்றபடிதான். சைத்திய வீதிக் காற்று கட்டையன் கையிலிருந்த கச்சான் சரையைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. கோதெல்லாம் என் சட்டையில். அந்தக் காலத்தில் அங்கே நின்றால் உதடு உப்புக் கரிக்கும். இப்போது பக்கத்தில் கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம். பழைய விளக்கைக் கட்டடங்கள் மறைத்தன; இதற்குப் பக்கத்தில் தரையே எழும்பி வந்துவிட்டது. "அபிவிருத்தி மச்சான்" என்கிறான் கட்டையன். அவனுக்கென்ன, பத்து நாளில் பிளேன் ஏறிவிடுவான். எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்றுதான் தெரியவில்லை.

திரும்பும்போது மறுபடி கோபுரத்தடிக்கு வந்தோம். 1996 ஜனவரி 31, மத்திய வங்கியில் குண்டு வெடித்த அன்று, அந்தப் பக்கமிருந்து தலைமயிரெல்லாம் கண்ணாடித் தூளோடு வந்து நீ அதிலே குந்திக்கொண்டு, "மணி என்ன?" என்று என்னைக் கேட்டாய். தலைக்கு மேலே அவ்வளவு பெரிய மணிக்கூடு. பிறகு தடுப்பு, அடையாள அட்டை, உன் விசா. அதற்குப் பின் அந்தத் தெருவில் நாம் இருவரும் சேர்ந்து நடக்கவேயில்லை. கட்டையனுக்கு இதை நான் சொல்லவில்லை. அவன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

சரி, ரோல்ஸ் கடன் அப்படியே இருக்கிறது. வட்டிக்கு ஒரு பிளேன்டீயும் தருகிறேன். ஆறையும் ஒரே நாளில் கேட்காதே, உனக்குக் கொலஸ்ட்ரோல் என்று அக்கா சொன்னா. ஆடிக்கு முதல் வரப் பார்.

உன்,
தோற்றவன்