காலிக் கோட்டைக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இலங்கைப் பயணத்தில் ஒரு நாளைக் காலி (Galle) ஊரின் கோட்டைக்கு ஒதுக்கியிருக்கிறாய் என்று தெரிந்ததும் ரொம்பச் சந்தோஷம். ஒரே ஒரு வேண்டுகோள்: கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, கலங்கரை விளக்கத்தின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே. அங்கே பார்க்க வேண்டியது மதில். அதன் மேல் நடந்தால்தான் கோட்டை புரியும்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் காலையில் மாத்தறை போகும் ரயிலைப் பிடி. முன்பதிவில்லாப் பெட்டியில் இடம் பிடிக்க அரை மணி முன்பே போய்விடு. கடல் மேற்கே இருப்பதால் போகும்போது வலப்பக்க ஜன்னல். காலிக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. வழியில் கிரிக்கெட் மைதானம். 2004 சுனாமியில் அந்த மைதானமும் பஸ் நிலையமும் சின்னாபின்னமாயின. உள்ளே இருந்த ஊரை மதில்தான் பெரும்பாலும் காப்பாற்றியது. கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது.

நம்ம கிருஷ்ணகிரிக் கோட்டை இருக்கும் சையத் பாஷா மலையில் பாறையே பாதி மதில். 1791 நவம்பரில், திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையில் தோற்றுத் திரும்பியதற்கு அந்தச் செங்குத்துதான் பெரிய காரணம். காலியில் மலை கிடையாது. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் நிலம். கடல் பக்கம் பாறைகள் கப்பலை நெருங்கவிடாது. பயமெல்லாம் நிலத்துப் பக்கம்தான். 1640-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் அதனால்தான் வடக்கே சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று பெரிய கொத்தளங்களை வரிசையாக நிறுத்தினார்கள். சந்திரக் கொத்தளத்தின் முனையில் நின்று, இரண்டு பக்கமும் மதிலின் அடிவாரத்தைப் பார். கொத்தளம் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் ஒன்றிலிருந்து சுட்டால் அடுத்ததன் அடிவாரம் வரை குண்டு போகும். மதிலடியில் எதிரி பதுங்க ஒரு மூலைகூட இல்லை. இத்தனை இருந்தும் 1796-ல் சண்டையே இல்லாமல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நம்ம மலைக்கோட்டையும் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து ஆங்கிலேயருக்குக் காகிதத்தில்தான் கைமாறியது.

நேரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மதில்மேல் நிழலே கிடையாது; பத்து மணிக்கு வந்து இறங்கி உடனே ஏறினால் பாதியில் சோர்ந்துவிடுவாய். பகலில் உள்ளே பார். இப்போதைய பெரிய வாசல் 1873-ல் ஆங்கிலேயர் திறந்தது. பழைய வாசல் துறைமுகப் பக்கம் இருக்கிறது. அதன் உட்புறத்தில் 1669 என்று ஆண்டு பொறித்த டச்சுக் கம்பெனிச் சின்னம், இரண்டு சிங்கம், மேலே சேவல். வெளிப்புறம் ஆங்கிலேயச் சின்னம். 1755-ல் கட்டிய டச்சு தேவாலயமும் பக்கத்திலேயே. கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. தமிழிலேயே வழி கேட்கலாம்.

மூன்றரைக்கு மேல் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மதில்மேல் ஏறி, கடலை இடப்பக்கம் வைத்து மேற்கே நட. நட்சத்திரக் கொத்தளத்தை நெருங்கும்போது சூரியன் இறங்கும். வாசலும் அங்கிருந்து பக்கம். கிழக்கு மதிலில் தொடர்ந்து போக முடியாது, அந்தப் பகுதியைத் தெருவழியே பார்த்துக்கொள். வழியில் குனிந்து கல்லைப் பார்: துளைதுளையாக, மூளை மடிப்பு மாதிரி வரி ஓடிய பவளக்கல் தெரியும். கருங்கல்லையே பார்த்து வளர்ந்த நமக்கு அது புதுசு.

குடை வேண்டாம், காற்று மடக்கிவிடும். தொப்பியும் ஒரு லிட்டர் தண்ணீரும் போதும். கடல் பக்கம் கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு, ஈரமானால் வழுக்கும். தென்முனையில் இருக்கும் கொடிப்பாறையிலிருந்து (Flag Rock) கடலில் குதித்துக் காட்டிக் காசு கேட்பார்கள். கொடுத்து ஊக்குவிக்காதே, கீழே பாறை. மே முதல் செப்டம்பர் வரை மழையும் அலையும் அதிகம்; டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது.

இருட்டிய பிறகு ரயிலை நம்பாதே. மைதானத்துக்கு எதிரே பஸ் நிலையம். அதிவேகச் சாலை பஸ் ஏறினால் கொழும்பின் புறநகரான மாக்கும்புர வரை ஒன்றரை மணி நேரம் போல.

மறுநாள் காலை கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போ. 1911-ல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நட்டது. சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. எழுத்து மிகவும் தேய்ந்திருப்பதால் நேராக நின்றால் தெரியாது, பக்கவாட்டில் நின்று பார்.

அன்புடன்,
அண்ணன்
கிருஷ்ணகிரி