பழைய சரிவு

அன்புள்ள மேரி,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. அதற்கு முந்தையதற்கும் போடவில்லை என்பாய், அதுவும் உண்மைதான். பதினான்கு மாதம். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். என் முட்டி வலி அப்படியே இருக்கிறது, பையன் வேலையில் சேர்ந்துவிட்டான், அவர் நலம். உன் அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஃபெல்ஸ்பார் சொன்னான். சரி, நலம் விசாரித்தாயிற்று.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவரிடம் சொன்னால், "கையெழுத்துப் போட்டாச்சு இல்ல, விடு" என்பார். நீ விடமாட்டாய்.

போன மழைக்காலம் முடிந்ததும் ஒரு வேலை வந்தது. ஒரு மலைச்சரிவில் வீடுகள் கட்டப் போகிறார்கள், இடத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். எந்தக் கம்பெனி, எந்த மலை என்று கேட்காதே; ஒப்பந்தத்தில் வாயைக் கட்டும் ஷரத்து ஒரு பக்கத்துக்கு இருக்கிறது. ஏறிப் பார்த்த முதல் நாளே எனக்குச் சந்தேகம். சரிவின் தலைமாட்டில் பிறை வடிவத்தில் செங்குத்தாக ஒரு வெட்டு. அதற்குக் கீழே நிலம் மேடும் பள்ளமுமாக, உதைத்துத் தள்ளிய போர்வை மாதிரி சுருண்டு கிடக்கிறது. தண்ணீர் தேங்க எந்தக் காரணமும் இல்லாத இடத்தில் ஒரு குட்டை. நேராக வருகிற ஓடை, சரிவின் அடிக்கு வந்ததும் எதையோ சுற்றிக்கொண்டு போகிறது. பக்கத்து மலையில் பாறை அடுக்குகளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன, இங்கே ஒவ்வொன்றும் அதன் இஷ்டத்துக்கு. மூன்று இடத்தில் போர் போட்டோம். இரண்டில் பதினெட்டு மீட்டர் வாக்கில் வழவழவென்று ஒரு களிமண் படலம். போரில் எடுத்த மண் உருளையை, அந்தக் 'கோர்'ஐப் பிளந்தேன். பளபளக்கிற முகம், அதில் ஒரே திசையில் கீறல். நம் பேராசிரியர் சுண்ணாம்பு சார் இருந்திருந்தால் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலே சொல்லியிருப்பார்.

"இது ஒரு பழைய நிலச்சரிவின் உடல்" என்று எழுதினேன். ஒரு மழைக்காலம் முழுக்க, குழாய் இறக்கி அது நகர்கிறதா என்று அளந்த பிறகே கட்டுமானம் பற்றி முடிவு செய்ய வேண்டும் என்றும் எழுதினேன்.

கம்பெனியிலிருந்து ஒரு பையன் பேசினான். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், பழையதுதானே? எப்பவோ நடந்து முடிஞ்சது. அந்த வார்த்தையைப் பார்த்தா வாங்க வர்றவங்க பயந்துடுவாங்க." இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் அந்த வரி, "தளர்ந்த சரிவுப் படிவு, அடித்தள வடிவமைப்பில் கவனம் தேவை" என்று ஆகியிருந்தது. ஆகியிருந்தது என்ன, நான்தான் எழுதினேன். அளவெடுக்கும் வேலை பின்னிணைப்புக்குப் போய், அங்கே "விரும்பினால் செய்யலாம்" ஆனது. கையெழுத்துப் போட்டேன். பணமும் வந்துவிட்டது.

அந்த வரியை நீ எந்த நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறேன், அதை நினைத்தால்தான் வயிற்றைப் புரட்டுகிறது.

"பழைய" என்ற ஒரு சொல்தான் இத்தனைக்கும் காரணம். அந்தப் பையனுக்குப் பழையது என்றால் முடிந்துபோனது. உனக்கும் எனக்கும் பழையது என்றால் இந்த இடத்துக்கு இது தெரியும், ஒரு முறை செய்து பார்த்திருக்கிறது என்று பொருள். இதை அவனுக்குப் புரிகிற மாதிரி நான் எங்குமே எழுதவில்லையே! இரண்டு நாளும் வார்த்தைக்காகச் சண்டை போட்டேனே தவிர, வார்த்தையை விளக்கவே இல்லை.

வாயோன்ட் அணையை நீ மறந்திருக்க மாட்டாய். செமினாரில் நீதான் அதைப் பேசினாய், முதல் பெஞ்சில் ஃபெல்ஸ்பார் தூங்கினான். இத்தாலியில் 260 மீட்டருக்கு மேல் உயரமான அணை. வடிவமைத்தவர் கார்லோ செமென்ஸா. நீர்த்தேக்கத்தின் ஓரத்து மலையில் மிகப் பெரிய பழைய நிலச்சரிவு ஒன்று படுத்திருக்கிறது என்று 1959ல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அவருடைய சொந்த மகன் எடோர்டோ. அன்றைக்கு நமக்கு அது ஒரு சுவாரசியமான துணுக்கு. இப்போது ராத்திரி படுத்தால் அந்த மகனைத்தான் நினைக்கிறேன். அப்பாவின் வாழ்நாள் வேலைக்கு எதிராக ஒரு வரைபடத்தை நீட்ட வேண்டும். நீட்டினார். பெரிய நிபுணர்கள் அதைச் சந்தேகித்தார்கள். 1960ல் மலையின் மேலே நீளமான விரிசல் விழுந்த பிறகும், நீர்மட்டத்தை மெதுவாக ஏற்றி இறக்கி மலையைச் சமாளித்துவிடலாம் என்று நம்பினார்கள். 1963 அக்டோபர் 9 இரவு, 25 கோடிக் கனமீட்டருக்கு மேற்பட்ட மலை ஒரு நிமிடத்துக்குள் நீர்த்தேக்கத்தில் விழுந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிக் கீழே இருந்த ஊர்களை வழித்துப் போட்டது. சுமார் 2,000 பேர். அணை மட்டும் இன்றும் நிற்கிறது. என்ஜினியரிங் பிரமாதம், போ.

எடோர்டோ எழுதியதையாவது எழுதினார். நான்?

கொலம்பியாவின் அர்மேரோவும் தினம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தால் எங்கெங்கே சேறு பாயும் என்ற வரைபடம் 1985 அக்டோபரிலேயே தயார். அர்மேரோ அந்தப் பாதையில் இருந்தது. நவம்பர் 13 இரவு எரிமலை வெடித்தது, உச்சியின் பனி உருகியது, இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் சேறு ஊருக்குள் வந்தது. இரண்டரை மணி நேரம் மேரி! பக்கத்து மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். மொத்தம் 23,000 பேர் போனார்கள். அந்த ஊரே 1845ல் பாய்ந்த சேற்றின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. அப்போதும் சுமார் ஆயிரம் பேர் செத்திருந்தார்கள். அதுவும் பழையதுதான், எப்பவோ நடந்து முடிஞ்சதுதான்.

வரைபடம் போட்டவர்கள் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தை மேஜையில் வைப்பதோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று நாற்பது வருடம் நாம் பேசிவந்தோமே, அதைச் சொல்கிறேன்.

இப்போது இத்தாலியின் லாக்விலா, 2009 நிலநடுக்கம். நீ முறைப்பது தெரிகிறது. 2010ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் இத்தாலிய ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு, "நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று வழக்குப் போடுகிறார்கள், இனி எவன் இந்தத் தொழிலுக்கு வருவான்?" என்று என் வீட்டு வாசலில் நின்று கத்தினாய். நானும் சேர்ந்து கத்தினேன். அப்புறம் நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, முன்கூட்டிச் சொல்லாததற்காக யாரும் வழக்குப் போடவில்லை. மாதக்கணக்கில் சின்னச் சின்ன நடுக்கங்கள், ஜனங்களுக்குத் தூக்கமில்லை. 2009 மார்ச் 31 அன்று நிபுணர் குழு கூடியது. கூட்டத்துக்கு முன்பே ஓர் அதிகாரி தொலைக்காட்சியில், சின்ன நடுக்கங்கள் ஆற்றலை வெளியேற்றிவிடுவது நல்லதுதான் என்கிற மாதிரி பேசிவிட்டார். நிம்மதியாக ஒயின் குடிக்கலாமா என்று கேட்டதற்கு, எந்த ஒயின் என்றுகூடச் சொன்னார்.

அந்த ஆற்றல் கணக்கு எவ்வளவு அபத்தம் என்று நம் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. 6 அளவு நடுக்கம் ஒன்றுக்கு ஈடுகட்ட 4 அளவு நடுக்கம் ஆயிரம் வேண்டும். அதைத் தெரிந்த யாரும் வெளியே வந்து உரக்கத் திருத்தவில்லை. நிலம் ஆடினால் வெளியே போய்ப் படுப்பது அங்கே பல குடும்பங்களின் பழக்கம். ஏப்ரல் 5 ராத்திரியும் நிலம் ஆடியது. ஆனால் சிலர், பெரியவர்கள் சொல்லிவிட்டார்களே என்று உள்ளேயே படுத்தார்கள். விடியற்காலை 3.32க்கு 6.3 அளவில் வந்தது. 309 பேர்.

2012ல் அந்த அதிகாரியும் ஆறு விஞ்ஞானிகளுமாக ஏழு பேருக்கும் ஆறு வருடச் சிறை. 2014ல் ஆறு விஞ்ஞானிகளும் விடுதலை, அந்த அதிகாரிக்கு மட்டும் இரண்டு வருடம். மறு வருடம் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விடுதலை சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் சிறைக்குப் போக வேண்டியதில்லை என்பதும் செய்தது சரி என்பதும் ஒன்றா? அன்றைக்கு வாசலில் நாம் இரண்டையும் குழப்பிக்கொண்டோம்.

"அப்போ எதற்கெடுத்தாலும் அபாயம் என்று கூவச் சொல்கிறாயா?" என்பாய். நியாயமான கேள்வி. 1976ல் குவாதலூப் தீவில் எரிமலை உறுமியது என்று எழுபதாயிரம் பேர் அளவில் மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். பெரிதாக எதுவும் வெடிக்கவில்லை. இரண்டு பெரிய பிரெஞ்சு விஞ்ஞானிகள் பத்திரிகைகளில் குடுமிப்பிடிச் சண்டை போட்டதுதான் மிச்சம். என் சரிவும் பத்தாயிரம் வருடம் அசையாமல் கிடக்கலாம். நான் ஒரு வார்த்தையால் அந்தத் திட்டத்தைக் கொன்றால், அங்கே வீடு வாங்கக் காசு சேர்த்தவர்கள் என்ன ஆவார்கள்? இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை.

ஆனால் பினதுபோ இருக்கிறதே! அதை நினைத்தால் மட்டும்தான் இந்தத் தொழில்மேல் எனக்குப் பழைய காதல் வருகிறது. ஐந்நூறு வருடம் தூங்கிய மலை, 1991 ஏப்ரலில் புகைந்தது. பிலிப்பைன்ஸ்காரர்களும் அமெரிக்கர்களும் இரண்டு மாதத்தில் ஓடி ஓடி அளந்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எச்சரிக்கை எண், எவரும் புரிந்துகொள்ளலாம். பாதி பேர் நம்பவில்லை. நம்பாதவர்களுக்கு எரிமலை என்னென்ன செய்யும் என்று ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்கள். அர்மேரோ மாதிரி இன்னொன்று நடக்கக் கூடாது என்று மோரிஸ் கிராஃப்ட் எடுத்தது அது. அவரும் அவர் மனைவி காத்யாவும் ஜூன் 3ல் ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்துபோனார்கள். பன்னிரண்டாம் நாள், ஜூன் 15ல், பினதுபோ வெடித்தது. புயலும் கூடவே வந்து, நனைந்த சாம்பல் பாரத்தில் கூரைகள் இடிந்து பல நூறு பேர் இறந்தார்கள். ஆனாலும் குறைந்தது 5,000 உயிர் பிழைத்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருந்ததா என்ன? தெரியாததையும் சேர்த்தே சொன்னார்கள். புரிகிறவரை சொன்னார்கள்.

ஃபெல்ஸ்பாரிடம் இதைப் பற்றி ஜாடையாகப் பேசிப் பார்த்தேன். எண்ணெய்க் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தவன் இல்லையா, உடனே மோப்பம் பிடித்துவிட்டான். "அறிக்கையில எல்லாம் சரியா எழுதினவங்களும் இருக்காங்க, தெரியுமா?" என்றான். எக்ஸான் விஞ்ஞானிகளைச் சொன்னான். பூமி எவ்வளவு சூடாகும் என்று எழுபதுகளின் கடைசியிலிருந்து அவர்கள் போட்ட கணக்குகள் பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கின்றன. கம்பெனி வெளியே பேசியது வேறு. எப்போதும் ஜோக்கடிக்கிறவன், அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தான். அவனிடமும் பூட்டி வைத்த ஏதோ ஓர் அலமாரி இருக்கிறது போல.

உன் மாணவர்களுக்குப் பட்டமளிப்பன்று படித்துக் காட்டப்போவதாக ஓர் உறுதிமொழியை அனுப்பியிருந்தாயே, நிலவியலாளர்களின் அறம் பற்றிய 2016 கேப் டவுன் பிரகடனத்தில் வருவது, அதைப் பார்த்து நான் சிரித்தேன். உனக்கு டாக்டராக ஆசை என்று கிண்டல்கூடச் செய்தேன். போன வாரம் மேஜை இழுப்பறையில் அந்தக் காகிதம் அகப்பட்டது. நிர்ப்பந்தத்துக்கும் வற்புறுத்தலுக்கும் இணங்கி என் அறிவைத் தவறாகப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒரு வரி இருக்கிறதே, பார்த்தாயா? என்னை யாரும் வற்புறுத்தவில்லை மேரி. "மேடம்" என்று கூப்பிட்டுக் கேட்டான், கொடுத்துவிட்டேன்.

சரி, விஷயம் இதுதான். ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், கம்பெனிக்கும் அனுமதி கொடுக்கிறவர்களுக்கும். பழைய பத்தி, வரைபடம், கோரின் படம், என் திருத்தம் எல்லாம் அதில் இருக்கிறது. "பழைய" என்றால் என்னவென்று அந்தப் பையனுக்குப் புரிகிற மாதிரி நாலு வரியும் எழுதியிருக்கிறேன். அனுப்பினால் ஒப்பந்தத்தை மீறியதாகும், வழக்கு வரலாம், இனி வேலை வராமலும் போகலாம். அதற்குப் பயப்படுகிறேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம், நான் பார்த்ததே தப்போ என்பது. கண்ணும் முன்போல இல்லை.

அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி, இடத்தின் பெயரை அழித்துவிட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எழுதியதைப் படிக்காதே, முதலில் வரைபடத்தைப் பார். அந்தப் பிறையை நீயே வரைந்து பார்த்து, நான் வரைந்ததோடு பொருந்துகிறதா சொல். தப்பு என்றால் சிவப்புப் பென்சிலில் அடி, வழக்கம்போல் மரியாதை இல்லாமல். போனில் பேசாதே, எழுதி அனுப்பு. அடுத்த மாதம் இருபதாம் தேதி அங்கே மண் வெட்ட ஆரம்பிக்கிறார்கள், பத்தாம் தேதிக்குள் எனக்கு வேண்டும்.

அப்புறம், உன் சுத்தியல் என்னிடம்தான் இருக்கிறது. அந்தக் கோரை அதால்தான் உடைத்தேன். இப்போதைக்குத் தரமாட்டேன்.

உன்,
கல்யாணி